தோணாக் கரையில் ராத்தாவுக்கு ஒரு வீடு

எங்கள் ஊரில் பெண் பிள்ளை பிறந்தால் வாப்பாமார் முதலில் தேடுவது வீடு கட்ட ஒரு வளவு, மாப்பிள்ளை பிறகுதான். கலியாணம் முடித்தவள் எங்கேயும் போவதில்லை, மாப்பிள்ளைதான் அவளுடைய வீட்டுக்கு வருவார். ஆகவே வீடில்லாமல் கலியாணமில்லை. எங்கள் வீட்டில் இரண்டு பெண்கள். ராத்தாவுக்குக் கலியாண வயது, எனக்கு எட்டு வயது. கல்முனைப் பக்கம் ஒரு துண்டு வளவு கிடைப்பதோ அன்றைக்கே குதிரைக் கொம்பாக இருந்தது.

வாப்பா அதற்கு ஒரு வழி கண்டார். எங்கள் வளவுக்குப் பின்னால் தோணா ஓடுகிறது, மழைத் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டு போகும் அகன்ற ஓடை. கோடையில் அதைப் பார்த்தால் ஓடுகிறது என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஆற்றுவாழையும் பொலித்தீன் பைகளும் மூடிக் கிடக்கும். அதன் கரையோரப் பள்ளத்தால்தான் எங்கள் தெருத் தண்ணீர் முழுவதும் தோணாவில் இறங்கும். வாப்பா அந்தப் பள்ளத்தில் டிப்பர் டிப்பராகக் கிரவல் கொட்டி மேடாக்கினார். தோணாப் பக்கம் உயரமான மதில் கட்டி அத்திவாரமும் போட்டார். மாப்பிள்ளை வீட்டார் வந்து மதிலைத் தட்டிப் பார்த்துவிட்டு, நோன்புப் பெருநாள் முடியக் கலியாணத்தை வைக்கலாம் என்றார்கள்.

தண்ணீர் போகும் வழியை அடைக்கலாமா என்று கேட்கத் தெருவில் எல்லாருக்கும் வாய் இருந்தது. ஆனால் பெண் பிள்ளைக்குக் கட்டும் வீட்டில் குறை சொல்ல எங்கள் பக்கம் யாருக்கும் நா எழாது. அவர்களுடைய வீடுகளிலும் பெண் பிள்ளைகள் இருந்தார்கள்.

மாரி வந்தது. மூன்று நாள் விடாத மழை. இப்படி வெள்ளம் ஏறினால் ஆண்கள் மண்வெட்டிகளோடு கடற்கரைக்குப் போய், தோணாவின் வாயை அடைத்திருக்கும் மணலை வெட்டி விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் தெருக்கள் தெரியத் தொடங்கும். அன்று விடியச் சுபஹு தொழுத கையோடு வாப்பாவும் போனார். உடுத்திருந்த சாரமெல்லாம் மணலாகத் திரும்பி வந்து, ஊரையே காப்பாற்றிய தோரணையில் பிளேன்டீ கேட்டார். மற்றத் தெருக்களில் தண்ணீர் இறங்கியது. எங்கள் தெருவில் மட்டும் இன்னும் ஒரு படி ஏறியது.

எதிர்வீட்டு மாமி பிள்ளை பெற்றுப் பதினொரு நாள். அவருடைய கணவர் வெளிநாட்டில் இருந்தார். ராத்தா இடுப்பளவு தண்ணீரில் நடந்து மாமிக்குத் தேநீர் கொண்டு போனார். திரும்பி வந்தவர் நேரே போய், வாப்பாவின் புது மதிலில் ஏறி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். தோணாவில் தண்ணீர் முழங்காலுக்கும் கீழே இறங்கிக் கிடந்தது.

"வாப்பா, மதில ஒடைங்க."

"ஒனக்கென்ன புள்ள, பைத்தியமா? இது ஒண்ட ஊடு!"

"ஓம், எண்ட ஊடுதான். அதாலதான் நான் சொல்றன். மாமிட கட்டில்ல தண்ணி ஏறிட்டு. பச்சப் புள்ளய மேசைல கிடத்தி வெச்சிருக்காங்க."

"மாப்பிள்ள ஊட்டாருக்கு நான் என்னத்தச் சொல்ற?"

ராத்தா நேரே குசினிக்குப் போனார். அங்கே சாத்தியிருந்த இரும்பு அலவாங்கைத் தூக்கி வந்து மதிலில் குத்தினார். மூன்று குத்துக்கு உள்ளங்கையளவு பூச்சுதான் உதிர்ந்தது. வேலையில் வாப்பா ஏய்க்கவில்லை. நான்காவது குத்துக்கு முன் வாப்பாவே வந்து அலவாங்கை வாங்கிக்கொண்டார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, உம்மா அழுவதைத்தான் பார்த்தேன். முதல் கல் விழுந்ததும் தெரு முழுக்க மண்வெட்டிகளோடு வந்து நின்றது. அதுவரை அந்த மதிலையே கண்ணால் காணாதவர்கள் போல இருந்தவர்கள்தான்.

அவர்கள் மேட்டில் வெட்டிய வாய்க்காலால் தண்ணீர் இரைந்துகொண்டு போனது. கிரவலையும் அத்திவாரத்தையும் சேர்த்தே கொண்டு போனது. மதியம் லுஹருக்குப் பாங்கு சொல்லும்போது தெரு தெரிந்தது, ராத்தாவின் வீடு இருந்த இடத்தில் பழைய பள்ளம் தெரிந்தது.

அந்தப் பள்ளத்தில் இப்போது கொங்கிரீட் வடிகான் போகிறது. பிறகு தோணாக் கரையை நிரப்பிய மற்றத் தெருக்காரர்கள் ஒவ்வொரு மாரிக்கும் கதிரைகளைக் கட்டிலில் ஏற்றுகிறார்கள்; நாங்கள் உலர்ந்த வாசலில் நின்று மழை பார்க்கிறோம். மேசையில் கிடந்த அந்தப் பிள்ளை இந்த வருஷம் ஓ.எல். சோதனை எழுதுகிறாள். இதற்கெல்லாம் நன்றி சொல்லப் போனால் ராத்தாவுக்குக் கூச்சம் வந்துவிடும், பேச்சை மாற்றிவிடுவார். அதனால் இங்கே எழுதுகிறேன்: எங்கள் தெருவே ராத்தாவுக்குக் கடமைப்பட்டிருக்கிறது. எல்லாரையும் விட அதிகமாக நான்.

வெள்ளம் வடிந்து இரண்டு கிழமையில், வீடில்லாத இடத்தில் எங்களுக்குச் சரிவராது என்று மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பினார்கள். உம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். ராத்தாவுக்கு மறுபடி கலியாணம் பேசி வர மூன்று வருஷமானது. எனக்கு அன்றைக்குக் கேட்டதெல்லாம் ராத்தா என்னை விட்டுப் புது வீட்டுக்குப் போகவில்லை என்பது மட்டும்தான். ஓடிப் போய், "இனி நீங்க என்னோடதானே படுப்பீங்க? அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தினேன்.

"ஓம், அல்ஹம்துலில்லாஹ்" என்று ராத்தா என்னை இழுத்து அணைத்தார். மூச்சு முட்டுமளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார். நான் திமிறி விடுவித்துக்கொண்டு, என் தலையணையை அவருடைய கட்டிலில் போட ஓடினேன்.