கிடாரி பிறந்த மூன்றாம் நாள்

நான் பிறந்ததை ஜெர்மனிக்காரன் நம்பாதது பெரிய விஷயமில்லை. என் ஊரே நம்பவில்லை என்பதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

எழுபதுகளின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போனவள் நான். மல்லசமுத்திரம் பக்கம் கடலைக்காட்டில் களை பறித்து வளர்ந்தவள். பத்து வருடம் அந்த ஊர்க் கிழவர்களுக்குப் படுக்கை மாற்றினேன், ஊசி போட்டேன், அவர்கள் பாஷையிலேயே திட்டு வாங்கினேன், திருப்பித் திட்டவும் கற்றுக்கொண்டேன். அப்புறம் ஒருநாள், வெளிநாட்டு நர்சுகள் போதும், ஊருக்குக் கிளம்புங்கள் என்று பேச்சு வந்தது. உங்கள் பனிக்காலத்தில் முதுகொடிய உழைத்தபோது இனித்தோமா என்று கேட்கத் தோன்றியது. கேட்டு என்ன ஆகப்போகிறது? குடியுரிமை வாங்கிவிட்டால் யாரும் துரத்த முடியாது. மனுப் போட்டேன்.

அங்கேதான் வம்பு. எங்கள் ஆஸ்பத்திரியில் நம்மூர் நர்சுகள் மூன்று பேர். மூன்று பேருமே மனுப் போட்டிருந்தோம். மூன்று பேருக்கும் பிறந்த நாள் ஜூன் ஒன்று. நம் பக்கத்தில் கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொட்டுவிட்டால் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்வார்கள். தேதியை வாத்தியார் தானாகவே ஜூன் ஒன்று என்று எழுதிவிடுவார். இதை அந்த அதிகாரிக்கு எப்படி விளக்குவது? என் கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காட்டவும் காட்டினேன். அந்த மனிதர் சிரிக்கவில்லை. ஆறு மாதத்துக்குள் அரசாங்கப் பதிவேட்டிலிருந்து பிறப்புச் சான்று கொண்டுவா, இல்லாவிட்டால் மனு தள்ளுபடி என்றார்.

லீவு போட்டு ஊருக்கு வந்தேன். அப்பாவும் அம்மாவும் நானுமாக பஸ் ஏறி தாலுகா ஆபீசுக்குப் போனோம். அம்மா உள்ளே வராமல் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். குமாஸ்தா எங்கள் ஊர்ப் பழைய பதிவேடுகளைத் தூசி தட்டி எடுத்து, பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“உங்கண்ணன் இருக்காருங்க. பொறந்த நேரம் மொதக்கொண்டு எழுதியிருக்குது. உங்களத்தான் காணோம்.”

முன்னும் பின்னும் ஐந்து வருடம் தேடச் சொன்னேன். இல்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

“ஏனுங்கப்பா, என்னய எழுதி வெக்கலீங்களா?”

“பொட்டப்புள்ளய எழுதி என்ன பண்றது? நாளைக்கிப் போற ஊட்டுக்காரன் எழுதிக்குவான்னு உட்டுட்டேன்.”

ஏதோ கயிறு வாங்க மறந்துபோனதைச் சொல்கிற மாதிரி சொன்னார். எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. மாதாமாதம் நான் அனுப்பியதில்தான் கிணற்றுக்குப் புது மோட்டார் வந்திருந்தது. அந்த மோட்டார் ரசீதைக்கூட டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்.

புதிதாகப் பதியலாம், ஆனால் பிறந்த தேதி சரியாகத் தெரிய வேண்டும் என்றார் குமாஸ்தா. வெளியே வந்து அம்மாவிடம் கேட்டேன். அவள் யோசிக்கவேயில்லை.

“நம்ம கட்டக்கொம்பு எரும கன்னு போட்ட மூணா நாளு சாமி. சீம்பால் காச்சிட்டிருக்கறப்பத்தான் எனக்கு நோவு கண்டுச்சு.”

வீட்டுக்கு வந்து அட்டாலியில் ஏறி, அப்பா கட்டி வைத்திருந்த பழைய பஞ்சாங்கங்களை இறக்கினேன். நான் பிறந்த வருடத்துப் பஞ்சாங்கம் இருந்தது. ஆவணி மாதப் பக்கத்து ஓரத்தில் அப்பாவின் கையெழுத்து: ‘கட்டைக்கொம்பு எருமை ஈன்றது. கிடாரி. நல்லது.’ பெண் கன்று பிறந்தால் நல்லதாம்! மூன்றாம் நாள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தேன். வெறும் தாள். எருமையின் தேதியோடு இரண்டு நாள் கூட்டி என் பிறந்த நாளை நானே கண்டுபிடித்துக்கொண்டேன்.

மறுநாள் மறுபடியும் ஆபீஸ். மனு எழுதுகிறவர் டைப் அடித்துக் கொடுத்ததில் ‘எனது கவனக்குறைவால் என் மகளின் பிறப்பைப் பதியத் தவறிவிட்டேன்’ என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததும் அப்பா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“கவனக்கொறைவா? எனக்கா? நாலு ஊரு பஞ்சாயத்துப் பேசறவன் நான். இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கி எவன் மதிப்பான்?”

கெஞ்சினேன். இந்தத் தாள் இல்லாவிட்டால் வேலையும் போகும், இருக்க இடமும் போகும் என்றேன். “இங்க வந்து இரு. சோத்துக்கா பஞ்சம்?” என்றார். பத்து வருட வாழ்க்கை அவருக்கு ஒரு கையெழுத்துக்குப் பெறவில்லை.

வெளியே போய், அன்றைக்கும் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த அம்மாவைக் கூட்டிவந்தேன். அவள் கட்டை விரலை நீட்டிக்கொண்டே வந்தாள். “நாந்தானுங்க பெத்தேன். எப்பப் பெத்தேன்னு எனக்குத் தெரியாதுங்களா?”

குமாஸ்தா தலையை ஆட்டினார். “உங்க ரேகை செல்லாதுங்கம்மா. தகப்பனார்தான் போடோணும். அவரு உசுரோட இல்லீன்னா மட்டுந்தான் தாயார்.”

பெற்றவள் எதிரில் நிற்கிறாள், அவள் சொல் செல்லாது! பெற்ற நேரத்தில் வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்தவர் சொன்னால்தான் நான் பிறந்தவள். வாய்க்கு வந்துவிட்டது.

“அப்படீன்னா எங்கப்பா செத்துப்போயிட்டாருன்னு எழுதிக்குங்க.”

அம்மா தாலியைப் பிடித்துக்கொண்டாள். அப்பா என்னைப் பார்த்தார், பிறகு பேனாவை எடுத்துத் தாள் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டார். திரும்பும்போது பஸ்ஸில் முன்சீட்டில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

சான்று கிடைத்தது, அடுத்த வருடம் குடியுரிமையும் கிடைத்தது. நம்மூர்ப் பாஸ்போர்ட்டை விட்டுக்கொடுத்த பிறகு, சான்றிதழ் கொடுக்கும் நாளில் அந்த அதிகாரி ஹாலில் சத்தமாக அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எழுந்து நின்றது நான். போன புதிதில் பாரத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள், நமக்கேது அது? என் இனிஷியலை விரித்து எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து வார்டில், பஸ் பாஸில், சம்பளக் கவரில் எல்லாம் நான் அவர்தான். என் பெயரை ஒரு வரி எழுதிவைக்காத மனிதரின் பெயர், நான் சாகிறவரை என்னோடு.

அடுத்த முறை, பிறந்த ஊருக்கு வர விசா வாங்கிக்கொண்டு வந்தேன். முன்பே நான் அனுப்பியிருந்த குடியுரிமைச் சான்றிதழ் நகலை அப்பா கண்ணாடி போட்டு, வாசலை ஒட்டிய ஆசாரத்துச் சுவரில் மாட்டியிருந்தார். வருகிறவர்களிடமெல்லாம், “செர்மனி சர்க்காருல என்ற பேரு ஏறிப்போச்சுங்க” என்று பெருமை. சண்டையெல்லாம் மறந்தே போய்விட்டது அவருக்கு.

அவர் காட்டுக்குப் போன பிறகு அம்மா முந்தானையால் அந்தக் கண்ணாடியைத் துடைத்தாள்.

“இதுல எம்பேரு எங்க சாமி இருக்குது?”

எனக்கு மனப்பாடமான தாள்தான். இருந்தாலும் ஒருதரம் மேலிருந்து கீழே வரை பார்த்தேன்.

“இல்லீங்கம்மா.”

“அப்பறம் உன்னய ஆரு பெத்தான்னு அவிகளுக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.