சட்டை சைஸ் நாற்பத்திரண்டு

யாராவது போனில் உங்கள் சட்டை அளவைக் கேட்டால் என்ன நினைப்பீர்கள்? ஏதோ ஓசியில் தரப்போகிறார்கள் என்றுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கேட்டவர் தாமோதரன். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றில் ஃபிட்டர். இந்தப் பத்தியை வாராவாரம் படித்துவிட்டுப் போனில் திட்டுகிற வாசகர். புதுவாயல் பக்கம் அவர்கள் ஊரில், பொங்கல் கழிந்த ஞாயிறன்று ஊரே சினிமா வேஷம் கட்டி ஊர்வலம் போகுமாம். சனிக்கிழமையே வந்து தங்கிவிடுங்கள் என்றார். கூடவே சட்டை அளவும் கேட்டார். நாற்பத்திரண்டு என்றேன்.

கிளம்பும்போது வீட்டில் சண்டை. லீவு நாளில்கூட வீடு தங்காத மனிதர் என்று மனைவி ஆரம்பித்தார். நான் ஒன்று சொல்ல, அவர் இரண்டு சொல்ல… தட்டில் வைத்த உப்புமாவைத் தொடாமல் ரயிலேறிவிட்டேன். உப்புமாவைத் தியாகம் செய்வது பெரிய விஷயமில்லைதான். ஆனால் அதன்பிறகு நான் போன் செய்யவில்லை, அவரும் செய்யவில்லை.

ஞாயிறு மதியம் டீக்கடைக்குப் போனால், வெள்ளைப் புடவைப் பேய் ஒன்று டீயில் பன் முக்கித் தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஒற்றைக்கண் வில்லன். காலையில் மீசை எடுத்த இரண்டு கதாநாயகிகள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

அந்தப் பேய், காலையில் எனக்குக் குளிக்க வெந்நீர் வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் என்னைத் தெரிந்த அடையாளமே இல்லை. வேஷம் கட்டினால் கலைக்கும்வரை சொந்தப் பேர் கிடையாது, வாய் திறந்து பேசவும் கூடாது, அதுதான் ஊர் வழக்கம் என்றார் தாமோதரன். அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கும் ஒரு வேஷம் வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் யூனிஃபார்ம். போட்டுப் பார்த்தால் தோள், கை, வயிறு… எல்லாம் அளவெடுத்துத் தைத்த மாதிரி. நாற்பத்திரண்டின் ரகசியம் புரிந்தது. ஆனால் பாக்கெட்டுக்கு மேலே, பெயர்ப் பட்டையைப் பிரித்தெடுத்த ஊசித் தடம் இருந்தது. இது யாருடையது என்று கேட்டேன். தாமோதரன் குனிந்து என் பெல்ட்டைச் சரிசெய்தபடியே இருந்தார்.

நம்ம சினிமாவில் போலீஸ் எப்போது வரும்? எல்லாம் முடிந்த பிறகு! இங்கேயும் அப்படித்தான். ஊர்வலத்தில் இன்ஸ்பெக்டர் கடைசியில், தனியாக நடக்க வேண்டும்.

முன்னால் போனவர்களுக்கெல்லாம் விசில், கைதட்டல். நான் வந்ததும் தெரு அடங்கிவிட்டது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டூவீலரில் சாய்ந்திருந்த ஒருவர் நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார். விளையாட்டு சல்யூட் இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது. ஆலைப் புகைக்குப் பின்னால் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

ஒரு வீட்டு வாசலில் மேளம் நின்றது. எல்லோரும் ஒதுங்கி எனக்கு வழிவிட்டார்கள். வாசலில் ஒரு நாற்காலி, முன்னால் ஸ்டூல். அதன்மேல் இலை, சோறு, மீன் குழம்பு. பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்.

"இன்னாய்யா, இப்பதான் ஊட்டுக்கு வர வழி தெரிஞ்சுதா?" என்றார். "அன்னிக்கு கோவத்துல டப்பாவ வெச்சிட்டு பூட்ட. இப்பவாவது துன்னுட்டு போ."

தாமோதரனைப் பார்த்தேன். அவர் நாற்காலியை எனக்காகப் பின்னால் இழுத்துப் போட்டார். திறந்திருந்த கதவு வழியே உள்ளே பார்த்தேன். சுவரில் ஒரு போட்டோ. இதே காக்கி, இதே மீசை, இதே வழுக்கை. கிட்டத்தட்ட என் முகத்துக்கு மாலை போட்டிருந்தார்கள்.

ஓடிவிடலாமா என்றுதான் தோன்றியது. செத்தவருக்குப் போட்ட இலையில் எப்படிக் கை வைப்பது? மதில்மேல் இன்னொரு இலை, அதில் காய்ந்துபோன சோறு. எந்தக் காக்காயும் தொடாத சோறு. அந்த அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தெலும்பு தெரிய மெலிந்திருந்தார்.

உட்கார்ந்தேன். சாப்பிட்டேன். ஊரே மூச்சுவிடாமல் பார்த்தது.

"கோவம் பூட்ச்சா?"

பேசக்கூடாதே… தலையை மட்டும் ஆட்டினேன். அவர் என் இலையிலேயே இன்னும் கொஞ்சம் சோற்றைப் போட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். எனக்குப் பின்னால் மதிலில் இறக்கை அடிக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வேஷம் கலைத்த பிறகுதான் தாமோதரன் வாயைத் திறந்தார். அந்தப் பெண் அவருடைய அக்கா கஸ்தூரி. வருஷா வருஷம் இன்ஸ்பெக்டர் வேஷம் கட்டியவர் அவர் கணவர் ஏழுமலை. போன வருஷம் ஒருநாள் காலையில் சண்டை. சாப்பிடாமல், டிபன் டப்பாவையும் எடுக்காமல் ஷிஃப்டுக்குக் கிளம்பியவருக்கு கம்பெனி பஸ்ஸிலேயே நெஞ்சுவலி. வீட்டுக்குத் திரும்பவில்லை.

"ஒரு வருசமா அக்கா வெக்கிற சோத்த காக்கா தொடல சார். அக்காவும் சரியா துன்றதில்ல. பேப்பர்ல உங்க போட்டோவ பாத்து எனக்கு காட்னதே அக்காதான். சட்டைய பிரிச்சி உங்க அளவுக்கு தச்சதும் அதுதான்."

சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டேனே என்றேன். அதனால்தான் சொல்லவில்லை என்றார். கிளம்பும்போது சட்டையை மடித்து என் பையில் வைத்தார்.

"ஒரு தபா கட்டுனா வேஷம் கட்டுனவங்களுதுதான் சார். உசுரு இருக்கிற வரிக்கும்."

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது வீட்டுக்குப் போன் செய்தேன். மனைவி எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி: "சாப்ட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன். யாருடைய சாப்பாட்டை என்று இன்றுவரை சொல்லவில்லை. இப்போதெல்லாம் எவ்வளவு பெரிய சண்டையானாலும், உப்புமாவே ஆனாலும், சாப்பிட்டுவிட்டுத்தான் படி இறங்குகிறேன்.

சட்டை என் பீரோவில் தொங்குகிறது. உங்களிடம் யாராவது அளவு கேட்டால்… எதற்கென்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்!