சட்டைப் பையில் மூன்று வருஷம்

திருமுல்லைவாயிலில் ரயிலேறி, பாரிமுனையில் ஒரு போல்ட் நட் கடைக்கு முப்பது வருஷம் வேலைக்குப் போனவர் ஹேமநாதன். போகும்போதும் வரும்போதும் ரயிலில் ரம்மி. ஜோக்கர் கைக்கு வந்தால் போதும், மனுஷன் முகம் தூங்கி வழியும். எதிரே உட்கார்ந்தவன் ஏமாந்துபோவான். சாமர்த்தியம் என்று அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது ஒன்றுதான், பாவம்.

அவர் வீட்டிலிருந்து தெருவுக்குப் போக மூன்றடிச் சந்து. பக்கத்து வீட்டு பால்ராஜ், அது தன் நிலம் என்று இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டான். பின்பக்கமாகப் போனால் கால்வாய்ப் பலகையில் ஏறி இறங்க வேண்டும். முட்டி தேய்ந்துபோன அவர் மனைவி சாவித்திரிக்கு அது ஆகிற காரியமா? வெளியே போவதையே விட்டுவிட்டாள். சாயந்திரமானால் வாசற்படியில் உட்கார்ந்து பூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஹேமநாதன் கேஸ் போட்டார். "இருக்கிற காகிதத்தையெல்லாம் இப்பவே குடுத்துடுங்க சார். பட்டியல்ல சேக்கணும்" என்று வக்கீல் சுரேகா படித்துப் படித்துச் சொன்னாள். வரி ரசீதுகளை மட்டும் கொடுத்தார். 'இந்த வழி இரண்டு வீட்டுக்கும் பொது' என்று பால்ராஜின் அப்பா அந்தக் காலத்தில் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு இவரிடம் கொடுத்த காகிதம் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. முதலிலேயே காட்டினால் எதிராளி உஷாராகிவிட மாட்டானா?

அப்புறம் மூன்று வருஷமும் ஒரே கனவு. பூந்தமல்லி கோர்ட்டுக்குப் போகிற பஸ்ஸிலோ, ராத்திரி பாயிலோ கண்ணை மூடினால் போதும், காகிதத்தை மெல்லப் பிரிப்பார். கோர்ட்டே மூச்சடக்கி நிற்கும். எங்கோ ஒரு பூட்டு தானாகக் கழன்று விழும். சந்து முழுக்க மஞ்சள் வெயில். அதில் சாவித்திரி பச்சைப் புடவையில், வலியே இல்லாமல், மிதக்கிற மாதிரி நடந்து போவாள். கூடவே முல்லைப்பூ வாசனையும் வரும்.

"இன்னா, தூக்கத்துல சிரிக்கிறே?" என்று சாவித்திரி எழுப்புவாள்.

"ஒண்ணுமில்ல, படு."

சாட்சிக் கூண்டில் ஏறிய அன்று காகிதத்தை எடுத்தார். எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளி எழுந்தார். "இது பட்டியல்லயே இல்லை!" சுரேகா திகைத்துப் போய், ஏற்றுக்கொள்ள அனுமதி கேட்டாள்.

"இத்தனை நாள் இது எங்கே இருந்தது?" என்றார் நீதிபதி.

இந்தக் கேள்வி கனவில் வந்ததே இல்லை. "இங்கதாங்க ஐயா" என்று ஹேமநாதன் பையைத் தொட்டுக் காட்டினார்.

"ஆரம்பத்திலிருந்தா?"

"ஆமாங்க."

முன்கூட்டியே எதிர்த்தரப்புக்குக் காட்டாததை, தகுந்த காரணமில்லாமல் இப்போது ஏற்க முடியாது என்று நீதிபதி திருப்பிக் கொடுத்துவிட்டார். காகிதம் மறுபடி பைக்குள் போயிற்று. பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் எப்படி வந்தோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

சாவித்திரி படியில் இருந்தாள். நடந்ததைச் சொல்லிக் காகிதத்தை நீட்டினார். அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அவுங்க அப்பா கையெழுத்து. அப்பவே பால்ராஜாண்ட காட்டியிருந்தா அவனே தெறந்து வுட்டிருப்பானே."

"எதிராளி உஷாராயிடுவான்னுதான்..."

"சரி, அவன் எதிராளி. எனக்கு ஏன் காட்டல? நானுமா உனக்கு எதிர்ல ஒக்காந்து ஆடுறவ?"

ஹேமநாதன் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். மூன்று வருஷத்தில் அவர் அங்கே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அங்கிருந்து பார்த்தால் பூட்டைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.