டம்ளரில் விழுந்த ஒற்றைத் தட்டு

வாசகர்களே, நீங்கள் சாட்சியாக இருங்கள்: கரமனையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்த எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும்தான் என் முதல் மேடைமணி. கல்லூரிப் பேச்சுப் போட்டிகளுக்கு நான் ஒத்திகை பார்க்கும்போதெல்லாம், அக்காவின் கணவரான அத்திம்பேர், நேரம் முடிந்ததும் டம்ளரைத் தட்டுவார். ஒரு தட்டு போதும். ஆனால் மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்க அவர் விழுங்கிவந்த மாத்திரை கையை நடுங்கவைத்ததால், மணி ஐந்தாறு முறை கிணுகிணுக்கும். "ஒண்ணு வாங்கினா அஞ்சு ஃப்ரீ, வக்கீலே!" என்று சிரிப்பார். நடுக்கம் தராத புதிய மருந்து ஒன்று உண்டு. வெளிநாட்டுத் தயாரிப்பின் விலை எங்களுக்கு எட்டாது, உள்நாட்டில் செய்வது விரைவில் வரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்காகக் காத்திருந்தார்.

ஐரோப்பிய நாடுகளின் கூட்டணியோடு தடையற்ற வணிக உடன்படிக்கைக்கு இந்தியா பேசிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த போட்டியின் தலைப்பும் அதுதான்; சீட்டுக் குலுக்கலில் எனக்கு ஆதரவுப் பக்கம் விழுந்தது. இறாலும் பின்னலாடையும் தேங்காய்நார் மிதியடியும் சுங்கமின்றிக் கடல் கடக்கும் என்று ஒத்திகையில் முழங்கினேன். "ஈடாக, அவர்கள் கேட்கும் காப்புரிமை நீட்டிப்பால் புதிய மருந்துகளின் மலிவுத் தயாரிப்பு சில ஆண்டுகள் தாமதமானால் என்ன? வளரும் நாடு தரத்தக்க சிறு விலைதான் அது!" என்று கையை உயர்த்தினேன். நேரம் முடியும் முன்பே மணி கிணுகிணுத்தது.

"பிரசங்கம் கொள்ளாம், நன்னாத்தான் இருக்கு. ஆனா கேட்டியா, அந்தச் சில வருஷம் நான் என்னத்தெ முழுங்கறது?"

"போட்டிக்குத்தானே, அத்திம்பேர்!" என்றேன். மறுநாள் அதே வரியை மாற்றாமல் பேசினேன். அதற்குத்தான் பலத்த கைதட்டல். முதல் பரிசும் எனக்கே. அதன்பின் பேச்சுவார்த்தைச் செய்தி வந்த காலைகளில், அவர் எழுமுன் நாளிதழை எடுத்து ஒளித்துவைத்தேன். தில்லியில் எவரும் என்னைக் கேட்டிருக்கவில்லை என்பது தெரியும். ஆயினும் நானே கையெழுத்திடப் போவதுபோல் இருந்தது.

உடன்படிக்கை கையெழுத்தாகவில்லை. பேச்சு இழுத்துக்கொண்டே போக, உள்நாட்டு மாத்திரை மருந்துக்கடைக்கு வந்துவிட்டது. அக்கா அந்த அட்டையை மேசையில் வைத்தபோது, பல மாதங்களாக அடக்கியிருந்த மூச்சை விட்டேன்.

சில வாரங்கள் கழித்து, அடுத்த போட்டிக்கான ஒத்திகை. அதே டம்ளர், அதே மேசை. நேரம் முடிந்தது. ஒரே ஒரு தட்டு; அந்த ஓசை தனியே நீண்டு அடங்கியது.

"இன்னிக்கு ஃப்ரீ ஒண்ணும் கிடையாது, வக்கீலே."

முடிவுரையை விட்டுவிட்டு, மேடைக் குரலிலேயே சொன்னேன்: "அத்திம்பேர், இனிமே எந்த மேடையிலயும் 'சில ஆண்டுகள்'னு சும்மா சொல்லமாட்டேன். அது யாரோட ஆண்டுகள்னு சொல்லிட்டுத்தான் அடுத்த வரி."