குரல் வந்த பிறகு முகம்

உளவியல் எம்.எஸ்சி. சேர்ந்த முதல் மாதமே ஊரில் எல்லாருக்கும் நோய் கண்டுபிடிக்க ஆரம்பித்திருந்தேன். எதிர்வீட்டுக்காரர் பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்த்தால் போதும், அதற்கொரு பெயர் என்னிடம் தயாராக இருக்கும். அதனால் சீனியர் அக்கா ஒருத்தர் தன் ஆய்வுக்கு, "நார்மலான ஆளுங்க வேணும், யார் வர்றீங்க?" என்றபோது முதலில் கை தூக்கியவன் நான்தான்.

லேப்டாப்பில் முகங்கள். முடி, காது எல்லாவற்றையும் வெட்டி முட்டை வடிவத்தில் வைத்திருந்தார். சற்றுமுன் பார்த்த முகம் எது என்று சொல்லணும். எனக்கு எல்லாமே முட்டைதான்.

"தூங்கிட்டியாடா? சராசரிக்கு ரொம்பக் கீழ வருது."

மறுபடி செய்தேன். இன்னும் கீழே போனது.

"நார்மல் லிஸ்ட்லேர்ந்து உன்ன எடுத்துடறேன். கோச்சுக்காத."

சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். படங்களில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம், வெயிலுக்குப் பயந்து முத்தியால்பேட்டையே கதவடைத்துக் கிடந்தது. படித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தேன். கூடத்தின் நடுவில் ஒரு பெண்மணி. மழித்த தலை முழுக்கச் சந்தனம். நான் பார்த்திராத புடவை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"யாருங்க? அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்களே."

சிரிப்பு அப்படியே நின்றது.

"ஏன்டா, வெளையாடுறியா?"

குரல் வந்த பிறகுதான் அந்த முகம் அம்மாவானது. எனக்கு சீட்டு கிடைத்ததற்கு மயிலம் முருகனுக்கு முடி கொடுத்துவிட்டு, அதைச் சொல்லாமல் வந்து நின்றிருக்கிறாள்.

அந்த டெஸ்டைப் பற்றிச் சொன்னேன். "சின்னதுல சண்டே மார்க்கெட்ல நான்னு நெனச்சு எவளோ பச்சப் புடவை பின்னால போனியே," என்றாள். "கவனம் இல்லாத புள்ளன்னு விட்டுட்டேன்."

"இது வித்தியாசம், அவ்ளோதாம்மா. முகம் ஞாபகம் வெச்சுக்கறதுல எல்லாரையும் வரிசையா நிறுத்தினா நான் கொஞ்சம் ஓரத்துல இருக்கேன். துன்பமோ தடங்கலோ இருந்தாத்தான் கோளாறுன்னு எழுதுவாங்க."

"துன்பம் யாருக்கு? உனக்கா, எனக்கா?"



அன்றிலிருந்து வாசலிலேயே "அம்மாதான்டா" என்று சொல்லிவிட்டு வருவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கதவு தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஓரங்குல முடியோடு ஒருத்தி, கண் கொட்டாமல் என்னைப் பார்த்தாள். கண், மூக்கு, வாய் எல்லாம் இருந்தன. சேர்ந்து யாராகவும் ஆகவில்லை. முடியை வைத்து அம்மாவாகத்தான் இருக்கணும் என்று தெரிந்தது. ஆனால் அப்படிக் கணக்குப் போட்டுக் கூப்பிட மனம் வரவில்லை. அவள் பேசட்டும் என்று நான் நின்றேன். நான் கூப்பிடட்டும் என்று அவள் நின்றாள்.

வெகுநேரம் கழித்து, வேறு யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள்:

"அம்மாதான்."