வயிறு ஒட்டிய தொட்டி

கோலா சிலாங்கூரிலிருந்து சபாக் போகும் சாலையோரம், செம்பனை எண்ணெய் ஏற்றும் லோரிகளைக் கழுவும் பட்டறையொன்றில் நான் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். எண்ணெய் இறக்கிவிட்டு வரும் லோரியின் தொட்டிக்குள் நீராவியைப் பாய்ச்சுவார்கள். சூடு ஆறியதும், கழுவுகிற அண்ணன் மேல்மூடி வழியாக உள்ளே இறங்கி, ஒட்டியிருக்கும் கசடைத் துடைத்தெடுப்பார். ஐம்பது வயதுக்காரர். அதிகம் பேசமாட்டார்.

அன்று மத்தியானம் ஒரு லோரிக்குள் பாய்ந்துகொண்டிருந்த நீராவி நின்ற கையோடு மழை பிடித்துக்கொண்டது. தொட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிடுமே என்று அந்த லோரியின் டிரைவர் ஓடிப்போய் மேல்மூடியை இறுகத் திருகிவிட்டு, நனைந்தபடி என் அறை வாசலில் வந்து நின்றார்.

பத்து நிமிடம் போயிருக்கும். வெளியே யாரோ முனகினார்கள். எட்டிப் பார்த்தேன். ஆள் நடமாட்டமே இல்லை. முனகியது தொட்டி. பிறகு, பட்டறையே அதிரும்படி ஒரு சத்தம். எங்கள் கண் முன்னாலேயே அந்தப் பெரிய இரும்புத் தொட்டியின் விலா உள்ளே போனது. யாரோ அதைக் கட்டிப்பிடித்து இறுக்குவதுபோல் இருந்தது.

"அக்கா, அண்ணன் எங்க?" என்றார் டிரைவர்.

லோரி ஏணியடியில் அண்ணனின் செருப்பு கிடந்தது.

"மூடும்போது உள்ள பாத்தியா?"

"இல்லக்கா. மழை லா..."

அவர் மேலே ஏறித் திருகைக் கழற்றினார். மூடி அசையவில்லை. நான் தொட்டியைத் தட்டி, "அண்ணே!" என்று கத்தினேன். உள்ளேயிருந்து டொக், டொக் என்று பதில் வந்தது.

சத்தம் கேட்டுப் பட்டறை மெக்கானிக் ஓடிவந்தார். "மூடிய விடு! கீழ் வால்வத் திற!"

திறந்ததும் தொட்டி நீளமாய் மூச்சிழுத்தது. அது அடங்கியபின் மூடி ஒரு கையிலேயே எழுந்து வந்தது. டிரைவர் கைப்பேசி வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார்.

"யாருமே இல்லக்கா."

"யாரத் தேடுறீங்க?" என்று முதுகுக்குப் பின்னால் குரல். அண்ணன்தான். ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, நீராவியை அடைக்கக் கொதிகலன் கொட்டகைக்குப் போனவர், மழைக்கு அங்கேயே நின்றிருக்கிறார். தொட்டியைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். மழையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார் மெக்கானிக். "நீராவி குளுந்து தண்ணியாயிருச்சு, உள்ள வெற்றிடம். காத்துப் போற துளையில கசடு அடைச்சிருக்கு. வெளிக்காத்து அமுக்கிருச்சு. நம்ம மேலயும் அதே காத்துதான் எந்நேரமும் அமுக்குது. நமக்குள்ளயும் இருக்கிறதால தெரியல."

"அந்த டொக் டொக்?"

"இரும்பு ஆறுற சத்தம்மா."

அதன்பின் அண்ணன் எந்தத் தொட்டிக்குள்ளும் இறங்கவில்லை. மாதக் கடைசியில் வேலையை விட்டு, புக்கிட் செந்தோசாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். விடைபெற வந்தபோது மேசையருகே தயங்கி நின்றார்.

"அன்னிக்குக் கொட்டகையில நிக்கறப்ப, யாரோ என் நெஞ்சப் புடிச்சு அமுக்கின மாதிரி இருந்துச்சும்மா. மூச்சே வரல. அப்புறம்தான் அந்தச் சத்தம் கேட்டுச்சு."

வாசல்வரை கூடவே நடந்து வழியனுப்பினேன்.