பொறு அக்காவின் மெகர்

பட்டறையில் அவளுக்குப் பெயர் 'பொறு அக்கா'. பழுது பார்த்த டிரான்ஸ்பார்மர்களின் மின்காப்பு தாங்குமா என்று சோதித்து அனுப்புவது அவள் வேலை. யார் அவசரப்படுத்தினாலும் ஒரே பதில்தான்: "பொறு." மேலாளருக்கு மட்டும் "பொறுங்க சார்." மரியாதையில் குறை வைக்க மாட்டாள்.

போன வருடம் அவள் பெயில் போட்ட டிரான்ஸ்பார்மருக்குச் சுருள் சுற்றியவன் அவளுடைய சொந்தத் தம்பி. எல்லார் முன்னாலும் முகத்தில் கரி பூசிவிட்டாள் என்று அவன் பேச்சையே நிறுத்திவிட்டான். ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஆனால் சாப்பிடும்போதுகூட பெண்டாட்டியிடம்தான் சொல்வான்: "உன் நாத்தனாரை அந்த உப்பை நகர்த்தச் சொல்லு." வீம்புக்கு அளவே இல்லை.

இன்று மறுபடியும் அவன் சுற்றிய டிரான்ஸ்பார்மர் சோதனைக்கு வந்திருக்கிறது. இதுவும் தோற்றால் தனிக்குடித்தனம் போய்விடுவதாகப் பெண்டாட்டியிடம் சொல்லியிருந்தான். அது அக்காவின் காதுக்கும் வந்துவிட்டது.

மின்காப்பை அளக்கும் மெகர் கருவி ஐயாயிரம் வோல்ட்டைச் சுருளுக்குள் செலுத்தியது. உள்ளே ஈரம் இருந்தால் முள் மேலே ஏறாது. யாரும் நெருங்காதபடி கட்டியிருந்த மஞ்சள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் தம்பி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். அவளுக்கோ பொய்யாகப் பாஸ் போடக் கை வராது. தம்பியை இழக்க மனம் வராது. முள் மெல்ல ஏறியது. பத்தாவது நிமிடத்திலும் இறங்கவில்லை.

"பாஸ்!" கருவியை நிறுத்திவிட்டு ஒரு துள்ளுத் துள்ளினாள்.

அங்கேதான் சறுக்கினாள். கருவி நின்றாலும் அது ஏற்றிய மின்சாரம் சுருளுக்குள் பதுங்கியிருக்கும். முதலில் தரையோடு இணைத்த பூமிக்கம்பியால் தொட்டு அதை இறக்க வேண்டும். அப்புறம்தான் வாயைத் திறக்க வேண்டும். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. தம்பியோ கயிற்றுக்கடியில் புகுந்து, மெகரின் ஒயரைக் கழற்றக் கையை நீட்டிவிட்டான்.

"தொடாதடா!"

கூரை அதிர்ந்தது. அவன் கை அந்தரத்தில் நின்றது. அவள் பாய்ந்து பூமிக்கம்பியைச் சுருளில் வைத்தாள். 'பட்'டென்று நீலப்பொறி தெறித்தது. தம்பி பொறியைப் பார்த்தான், தன் விரல்களைப் பார்த்தான், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவளுக்குப் பயம் போய் அழுகை வந்தது.

"அக்கா..." ஒரு வருடத்துக்குப் பிறகு கூப்பிட்டான். "பாஸ்னு சொன்னியே?"

"டிரான்ஸ்பார்மர் பாஸ்டா. நாம ரெண்டு பேருந்தான் பெயில்."

"இப்ப ஒயரைக் கழட்டவா?"

"பொறு."

பக்கத்திலேயே பொறுத்திருந்தான்.